எஃப்.டி. ஆர்எக்ஸ்-7: முதலில் சூட்டைக் குறையுங்கள், அப்புறம் வேகம்

கேள்வி சுருக்கமாக இதுதான்: 1990-களின் மஸ்டா ஆர்எக்ஸ்-7, அதாவது எஃப்.டி. என்று எல்லோரும் சொல்லும் கடைசித் தலைமுறைக் கார் ஒன்று கைக்கு எட்டும் விலையில் வந்திருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு தினசரி ஓட்டம் ஓட்ட முடியுமா? 400 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோக எதிலிருந்து தொடங்க வேண்டும்?

தினமும் ஓட்டலாம், ஆனால் ஒரே காராக வைத்துக்கொள்ள வேண்டாம். 400 என்பது எட்டக்கூடிய எண்தான். ஆனால் அதற்காக நீங்கள் செலவழிக்கும் முதல் பாதிப் பணம் ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டாது. சூட்டைக் குறைப்பதற்கும், இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று நீங்கள் பார்ப்பதற்குமே அது சரியாகிவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களின் கார்கள்தான் பெரும்பாலும் இன்ஜின் இல்லாத வெறும் பாடியாக விற்பனைக்கு வருகின்றன.

இன்ஜினைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். 13பி-ஆர்ஈடபிள்யூ என்ற இந்த ரோட்டரி இன்ஜினில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது. முக்கோண வடிவத்தில் இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் 654 சிசி, மொத்தம் 1308 சிசி. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனையிலும் ஏபெக்ஸ் சீல் என்ற 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோகப் பட்டை இருக்கிறது. அடியில் இருக்கும் ஸ்பிரிங் அதை வெளியே தள்ள, ரோட்டர் சுழலும் கூடான ஹவுசிங்கின் உள்சுவரைத் தொட்டபடியே அது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இப்படி ஆறு பட்டைகள். எரியும் வாயுவின் அழுத்தம் பக்கத்து அறைக்குள் கசியாமல் தடுப்பது இவைதான். இந்தப் பட்டைகளைச் சமாளிப்பது மஸ்டாவுக்கே எளிதாக இருக்கவில்லை. 1967-இல் மஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் வருவதற்கு முன், பொறியாளர் கெனிச்சி யாமமோட்டோவின் குழு இவை சுவரில் உண்டாக்கிய வரிவரியான கீறல்களோடு ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறது.

பிஸ்டன் இன்ஜினில் காற்றை உறிஞ்சுவதும் எரிப்பதும் ஒரே சிலிண்டருக்குள் மாறி மாறி நடக்கும். புதிதாக வரும் குளிர்ந்த காற்று அந்தச் சுவரைக் கொஞ்சம் ஆற்றிவிடும். ரோட்டரியில் அப்படி இல்லை. ஹவுசிங்கின் ஒரு பக்கம் எப்போதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், எதிர்ப்பக்கம் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். எரியும் பக்கத்துக்கு ஓய்வே கிடையாது. அப்புறம் இதன் கட்டமைப்பைப் பாருங்கள்: மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகள், அவற்றுக்கு நடுவே இரண்டு அலுமினிய ஹவுசிங்குகள், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் நீளமான போல்ட்டுகள். சூடானால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கூலன்ட்டைத் தடுத்து நிற்பது ரப்பர் வகைச் சீல் வளையங்கள் மட்டுமே. கடுமையாக ஒரே ஒரு தடவை ஓவர்ஹீட் ஆனால் போதும், அந்த வளையங்கள் இறுகிப்போய்க் கூலன்ட் எரி அறைக்குள் இறங்கத் தொடங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெண்புகை, கூலன்ட் அளவு காரணமே தெரியாமல் குறைவது, கூலன்ட்டில் குமிழி எல்லாம் அதன் அறிகுறிகள். அதற்கு ஒரே மருந்து இன்ஜினை இறக்கிப் பிரிப்பதுதான்.

எரி அறையின் வடிவமும் ஒரு சிக்கல். அது நீண்டு தட்டையாக இருப்பதால் தீ பரவ நேரமாகிறது. அதனால்தான் ஒரு ரோட்டருக்கு லீடிங், டிரெய்லிங் என்று இரண்டு ஸ்பார்க் பிளக். அப்படியும் எரிந்து முடியாத வாயு நேராக எக்ஸாஸ்ட் துவாரம் வழியாக வெளியே பாய்கிறது. இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவைச் சுழற்ற அந்தச் சூடான வாயு அருமையானது. போனட்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக், ரப்பர், வயரிங் எல்லாவற்றுக்கும் அதுவே எமன்.

கடைசியாக டெட்டனேஷன். பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாகவே வெடிப்பதைத் தமிழில் 'நாக்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நல்ல பிஸ்டன் இன்ஜின் கொஞ்சம் நாக்கைத் தாங்கிக்கொள்ளும், எச்சரிக்கையும் கொடுக்கும். இந்த இன்ஜினில் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறியிருக்கும்போது பலமான நாக் ஒன்று வந்தால், அந்த 2 மில்லிமீட்டர் பட்டை உடைந்துவிடலாம். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறி, எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்போவின் பிளேடுகளையும் சேதப்படுத்திவிட்டுத்தான் வெளியேறும். எச்சரிக்கைக்கு நேரமே இருக்காது. கீழே நான் சொல்லும் ஒவ்வொரு யோசனைக்கும் பின்னால் இந்த ஒரு பயம் இருக்கிறது.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் இதை விரும்புகிறோம்? அந்தச் சின்ன இன்ஜின் முன் அச்சுக்குப் பின்னால், தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. முன்பின் எடை ஏறக்குறைய சரிபாதி. மொத்த எடை 1,250 கிலோவைச் சுற்றித்தான். 1991-இல் அறிமுகமானபோது 255 குதிரைத்திறன், 2002-இல் தயாரிப்பு நிற்கும்போது 280. இன்றைய எண்களோடு ஒப்பிட்டால் சாதாரணமாகத் தெரியும், ஆனால் இந்த எடையில் அது சாதாரணம் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்பும் விதத்தில், இதற்குப் பின் வந்த எத்தனையோ வேகமான கார்களைவிட இது உயிரோட்டமானது. அதே 1991-இல்தான் மஸ்டாவின் நான்கு ரோட்டர் 787பி லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அந்தக் காலத்தில் இந்த இன்ஜின் மீது அந்த நிறுவனம் வைத்திருந்த நம்பிக்கை காரின் ஒவ்வொரு மூலையிலும் தெரியும்.

சரி, தினசரி வாழ்க்கைக்கு வருவோம்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் குறைந்தது சில கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். வாசலில் இருந்து நிழலுக்கு நகர்த்தி நிறுத்துகிறேன் என்று ஸ்டார்ட் செய்து, பத்து மீட்டர் நகர்த்தி, அணைத்துவிடாதீர்கள். குளிர்ந்த இன்ஜினுக்குள் கூடுதலாகப் பாயும் பெட்ரோல், சீல்களின் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெய் போனால் கம்ப்ரஷன் (அறைக்குள் காற்றை அழுத்திப் பிடிக்கும் திறன்) போகும், கம்ப்ரஷன் போனால் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது. இதற்கு ஃப்ளட் ஆவது என்று பெயர். பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இன்ஜினைச் சுழற்றி, உள்ளே தேங்கியதை வெளியேற்ற வேண்டியிருக்கும். வீட்டில் வேறு யாராவது காரை நகர்த்துவார்கள் என்றால் இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

கூலன்ட் 80 டிகிரி வரும்வரை பூஸ்ட் வேண்டாம், 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டவும் வேண்டாம். கூலன்ட் சூடான பிறகும் ஆயில் சூடாக இன்னும் சில நிமிடம் ஆகும். வீடு வந்து சேரும் கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் டர்போக்கள் தானாகவே ஆறிவிடும். டர்போ டைமர் பொருத்தி, நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிடுவதைவிட இது மேல். ஏனென்றால் நின்ற காரில் ரேடியேட்டருக்குக் காற்று வராது.

இதற்கு நேர்மாறான இன்னொரு விதியும் உண்டு. நன்றாகச் சூடேறிய பிறகு அடிக்கடி ஆர்பிஎம்மை 8,000-த்தை ஒட்டிய சிவப்புக்கோடு வரை ஏற்ற வேண்டும். எப்போதும் மெதுவாகவே ஓட்டினால் கார்பன் படிந்து சீல்கள் அவற்றின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதுபோல் வைத்து வருடத்துக்கு நாலு தடவை ஓட்டிய கார், முறையாக விரட்டி ஓட்டிய காரைவிட மோசமான இன்ஜினோடு இருப்பது இந்த உலகில் சாதாரணம்.

ஆயிலைப் பற்றி நிறைய வாக்குவாதம் நடக்கும். இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பம்பு, ஆயில் தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எரி அறைக்குள் விடுகிறது, ஏபெக்ஸ் சீல்களுக்கு உயவு வேண்டுமே. அதனால் அளவு குறைந்தால் பதற வேண்டாம். குறையவே இல்லை என்றால்தான் பம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், 5,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றிவிடுங்கள். இதற்கும் மேலே, டூ-ஸ்ட்ரோக் ஆயிலை நேரடியாகப் பெட்ரோலில் கலப்பதை நான் உறுதியாக ஆதரிக்கிறேன். பம்பு நன்றாக இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 4 மில்லி போதும். பம்பையே எடுத்துவிட்டவர்கள் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ கலக்க வேண்டும். பெட்ரோல் போடும் இடத்தில் சின்ன பாட்டிலோடு நிற்பது பழகிவிடும்.

மைலேஜ் நகருக்குள் லிட்டருக்கு 6, 7 கிலோமீட்டர். டேங்க் 76 லிட்டர் பெரியது என்பதால் அடிக்கடி நிறுத்த வேண்டியதில்லை, அவ்வளவுதான் ஆறுதல். ஆக்டேனில் மட்டும் சமரசம் வேண்டாம். ஜப்பானில் கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலை மனதில் வைத்து உருவான இன்ஜின் இது. உங்களுக்குக் கிடைப்பதில் மிக உயர்ந்த ஆக்டேன் எதுவோ அதைத்தான் போட வேண்டும், அந்த அளவுக்கேற்ப டியூனிங்கும் இருக்க வேண்டும்.

பின் சீட் ஜப்பானிய மாடல்களில் பெயருக்கு இருக்கும், பெரியவர்கள் உட்கார முடியாது. அமெரிக்க மாடல்களில் அதுவும் இல்லை, பொருள் வைக்கும் பெட்டிதான். உயரமானவர்கள் வாங்கும் முன் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது நல்லது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வயதாகி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். டிரான்ஸ்மிஷன் டனலில் இருந்து கால் பக்கம் சூடு வரும், வெயில் காலத்தில் ஏசி நன்றாக வேலை செய்தாக வேண்டும். இவையெல்லாம் தொல்லைகள்தான். ஆனால் இரண்டாவது கார் வேண்டும் என்று நான் சொன்னதற்கு இவை காரணம் இல்லை. ஒரு சின்ன ஹோஸ் உடைந்தாலும் பாகம் வரும்வரை காரை நிறுத்திவைக்க உங்களால் முடிய வேண்டும். மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்று பாதி சரிசெய்த காரை ஓட்டுவதில்தான் இந்த இன்ஜின்கள் சாகின்றன.

ஹோஸ் என்றதும் டர்போ அமைப்புக்கு வர வேண்டியிருக்கிறது. இதில் இரண்டு டர்போ, வரிசை முறையில் வேலை செய்பவை. சுமார் 4,500 ஆர்பிஎம் வரை முதல் டர்போ மட்டும் தள்ளும். இரண்டாவதை முன்கூட்டியே கொஞ்சம் சுழலவிட்டுத் தயாராக வைத்திருந்து, 4,500-இல் வால்வுகள் திறந்து அதையும் சேர்த்துக்கொள்ளும். ஒழுங்காக வேலை செய்தால் பூஸ்ட் 10 பிஎஸ்ஐ, மாறும் கணத்தில் 8-க்கு இறங்கி, மறுபடி 10. இந்த 10-8-10 தான் காரின் ஆரோக்கியத்துக்கு முதல் சோதனை. முதல் கட்டம் வந்து இரண்டாவது வரவில்லை, அல்லது இரண்டாவது மட்டும் வருகிறது என்றால், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் பின்னிக் கிடக்கும் டஜன் கணக்கான வேக்யூம் ஹோஸ்களில் எதுவோ கழன்றோ வெடித்தோ இருக்கிறது, அல்லது சோலினாய்டு என்ற மின் வால்வு ஒன்று செத்திருக்கிறது. இத்தனை வருடச் சூட்டில் பழைய ரப்பர் பிஸ்கட் போல ஆகியிருக்கும். (ஈரச் சாலையில் வளைவின் நடுவே 4,500-ஐத் தொட்டுவிடாதீர்கள். இரண்டாவது டர்போ வந்து சேரும்போது பின்சக்கரம் வழுக்கிவிடும்.)

இப்போது மாற்றங்கள். முதலில் பொருத்த வேண்டியது மீட்டர்கள்: கூலன்ட் வெப்பம், பூஸ்ட், அப்புறம் காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் வைட்பேண்ட். கம்பெனி வெப்ப மீட்டரை நம்பாதீர்கள். அதன் முள் சாதாரண வெப்பத்துக்கு வந்ததும் நடுவில் போய் நின்றுகொள்ளும். ஆபத்தான அளவை நெருங்கும்வரை அசையாது. அது நகர்வதை நீங்கள் பார்க்கும்போது சீல் வளையங்கள் ஏற்கெனவே துன்பப்பட்டிருக்கும். எண்களில் காட்டும் ஒரு நல்ல மீட்டர் இந்தக் காருக்கு எந்த டர்போவையும்விட மதிப்புள்ளது.

இரண்டாவது, கூலிங். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் காற்றைப் பிரிக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டேங்க் இருக்கிறது. அது வயதானால் வெடிக்கும், வெடித்தால் கூலன்ட் மொத்தமும் போகும். அலுமினியத்தில் கிடைக்கிறது, முதல் வாரமே மாற்றுங்கள். ரேடியேட்டரின் முனைப் பகுதிகளும் பிளாஸ்டிக்தான், முழு அலுமினிய ரேடியேட்டர் போடுவது நல்லது. மின்விசிறிகள் கம்பெனி அமைப்பில் சுமார் 105 டிகிரி தாண்டிய பிறகே சுழலத் தொடங்கும். அதற்கு முந்தைய தலைமுறை ஆர்எக்ஸ்-7-இன் வெப்ப ஸ்விட்சைப் பொருத்தினால் 95-ஐ ஒட்டியே தொடங்கிவிடும். மலிவான வேலை, பெரிய பயன்.

அப்புறம் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று: காரின் வயிற்றுப் பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. பம்பர் வாயில் நுழையும் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் அடியில் நழுவிவிடாதபடி தடுப்பது அதுதான். ஆயில் மாற்றக் கழற்றிய யாரோ ஒருவர் அதைத் திருப்பி மாட்டாமல் விட்டிருப்பார். விலையுயர்ந்த ரேடியேட்டர் போட்டும் சூடு குறையவில்லை என்று புலம்பும் பலரின் காரில் இந்தத் தட்டு இருக்காது. ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளை நுரைப்பட்டையால் அடைப்பதும் அதே அளவு பயன் தரும். காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும், அதற்கு வேறு வழியை விட்டுவைக்கக் கூடாது.

மூன்றாவது, வயதான ரப்பர் எல்லாவற்றையும் மாற்றுவது. மேல் மேனிஃபோல்டைக் கழற்றும் அந்த ஒரே நாளில் வேக்யூம் ஹோஸ்களைச் சிலிக்கானுக்கு மாற்றுங்கள், சோலினாய்டுகளையும் ஒருவழி வால்வுகளையும் சோதியுங்கள், பெட்ரோல் ஹோஸ்களைப் புதிதாகப் போடுங்கள். அங்கேயே பெட்ரோல் பாதையில் பல்சேஷன் டாம்பர் என்ற சின்னப் பாகம் இருக்கும். அதன் உள்சவ்வு கிழிந்தால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். எஃப்.டி. கார்கள் தீப்பிடித்த கதைகளில் இதன் பங்கு பெரியது. கசிகிறதா என்று பார்த்து அப்படியே விடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

இதுவரை சக்தி கூடவில்லை. இனி எக்ஸாஸ்ட். டர்போவை அடுத்து உடனே பிரீ-கேட் என்ற சின்ன கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது. ஓட்டத்தில் அது கனன்று போனட்டுக்கு அடியில் உலை வைக்கும். அடைத்துக்கொண்டால் டர்போக்களும் போகும். அதை எடுத்துவிட்டு டவுன்பைப் என்ற வெறும் குழாயைப் போடுவது எல்லோரும் செய்யும் முதல் மாற்றம். உங்கள் பகுதியின் மாசு விதிகள் அனுமதிக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் பிரதான கன்வெர்ட்டரை விட்டுவையுங்கள். சட்டத்துக்கு மட்டும் இல்லை, இன்ஜினுக்கும் அது நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

டர்போவுக்குத் தேவைக்கு மேல் வரும் வாயுவை வெளியே விடுவது வேஸ்ட்கேட். கம்பெனி டர்போவில் அதன் துவாரம் சின்னது. அடைப்பான எக்ஸாஸ்ட் இருக்கும்வரை அந்தச் சின்னத் துவாரம் போதும். டவுன்பைப், பிரதான கன்வெர்ட்டருக்குப் பதில் நடுப்பைப், பெரிய சைலன்சர் என்று ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டால், மிஞ்சும் வாயுவை வெளியே விட அதனால் முடியாது. நீங்கள் 10 என்று வைத்திருந்தாலும் ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட் 12, 14 என்று தானாகவே ஊர்ந்து ஏறும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான கம்பெனி ஈசியுவுக்கு அந்த அளவு காற்றுக்குப் பெட்ரோல் கொடுக்கத் தெரியாது. ஒன்று அது எரிபொருளையே வெட்டிவிடும், அல்லது கலவையில் பெட்ரோல் குறைந்து நாக் வரும். முடிவு மேலே சொன்ன உடைந்த பட்டைதான். பாகங்களை வாங்கிய அன்று கார் பறக்கும், குளிர்ந்த ஓர் இரவில் காற்று அடர்த்தியாக இருக்கும்போது இன்ஜின் போகும். இந்தக் காரின் இன்ஜின்களை அதிகம் கொன்றது பேராசை டியூனிங் இல்லை, 'வெறும் சைலன்சர்தானே' என்ற எண்ணம்தான். ஏர் ஃபில்டர், டவுன்பைப், சைலன்சர் மூன்றும் சேர்ந்துவிட்டால் புது ஈசியு கட்டாயம். ஒரு காலத்தில் அபெக்ஸியின் பவர் எஃப்சி எல்லோரின் தேர்வாக இருந்தது. இன்று புதிதாகப் போடுபவர்களுக்கு ஹால்டெக் போன்றவை மேல், ஏனென்றால் வெப்பமோ ஆயில் அழுத்தமோ கலவையோ தவறினால் இன்ஜினைத் தானாகவே அடக்கும் வசதி அவற்றில் இருக்கிறது. ரோட்டரி இன்ஜினில் அது சொகுசு இல்லை, காப்பீடு.

டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரும் இதே கட்டத்தில் வரும். கம்பெனி இன்டர்கூலர் சின்னது, சீக்கிரமே சூட்டில் ஊறிவிடும். முகப்பில் பெரிதாக ஒன்று வைத்தால் காற்று குளிரும், ஆனால் அதன் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் காற்று குறையும். ஒன்றைக் காப்பாற்ற மற்றதைப் பலி கொடுப்பது போல ஆகிவிடும். அதனால் சாலையில் ஓட்டும் காருக்கு இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன்: கம்பெனி இடத்திலேயே பொருந்தும் பெரிய இன்டர்கூலர், அல்லது ரேடியேட்டரும் இன்டர்கூலரும் ஆங்கில வி எழுத்து போல நின்று ஆளுக்குப் பாதிக் காற்றைப் பகிர்ந்துகொள்ளும் வி-மவுண்ட். இரண்டாவது செலவு அதிகம், ஆனால் 400 என்ற இலக்குக்கு அதுதான் சரி.

கம்பெனி டர்போக்களில் இருந்து சக்கரத்தில் 300-ஐ ஒட்டி நிம்மதியாக எடுக்கலாம். அதற்கு மேல் அவை சூடான காற்றைத்தான் தள்ளும். 400-க்கு ஒற்றைப் பெரிய டர்போ, தனியான வேஸ்ட்கேட், பெரிய இன்ஜெக்டர்கள், பெரிய பெட்ரோல் பம்பு, புது கிளட்ச் எல்லாம் வேண்டும். ஒரிஜினல் இன்ஜெக்டர்கள் 550 சிசி இரண்டு, 850 சிசி இரண்டு, போதாது. பிளக்குகள் கம்பெனியில் லீடிங்குக்கு 7, டிரெய்லிங்குக்கு 9 என்ற வெப்ப எண்ணில் வரும். பூஸ்ட் கூட்டினால் நான்கையும் 9 ஆக்கிவிடுவது வழக்கம். தண்ணீரும் மெத்தனாலும் கலந்து தெளிக்கும் அமைப்பு நாக்கை அடக்க மிகவும் உதவும். முக்கியமாக, ரோட்டரி இன்ஜின்களையே தொழிலாகச் செய்யும் டியூனரிடம் போங்கள். பிஸ்டன் இன்ஜினில் அதிகபட்ச சக்தி தரும் கலவையும் இக்னிஷன் நேரமும் இங்கே ஆபத்து. பூஸ்டில் கலவை காற்று 11-க்குப் பெட்ரோல் 1 என்று கொஞ்சம் கொழுப்பாக இருக்கட்டும், டைமிங் பின்தங்கியே இருக்கட்டும். சக்தியை அளக்கும் டைனோவின் தாளில் 20 குதிரைத்திறன் குறைந்தால் நஷ்டமில்லை.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், வரிசை டர்போக்களோடு 300 தான் இந்தக் காரின் இனிமையான இடம். கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும், சாலையில் அந்த வேகத்தையே முழுதாகப் பயன்படுத்த இடம் கிடைக்காது. 400-க்குப் போனால் கீழே சோம்பல், மேலே திடீர் வேகம் என்று குணமே மாறும். பந்தயத்தடம்தான் நோக்கம் என்றால் போங்கள்.

வி8 இன்ஜினைத் தூக்கிப் போடச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். பொறியியலாக அது நல்ல வேலைதான், சூட்டுப் பிரச்சினையும் பெருமளவு தீரும். நான் செய்யமாட்டேன். இந்த காரின் வடிவமும் எடைப் பங்கீடும் அந்தச் சின்ன ரோட்டரியைச் சுற்றி எழுதப்பட்டவை.

சஸ்பென்ஷனில் அதிகம் கை வைக்க வேண்டாம். பின்பக்கத்துப் பில்லோ பால் மூட்டுகள் தேய்ந்து தட்டும் சத்தம் வரும், அவற்றை மாற்றினாலே பாதிக் கார் புதிதாகிவிடும். தாழ்த்துவது என்றால் விரல் அளவுதான், இல்லையென்றால் அந்த வயிற்றுத் தட்டு வேகத்தடையில் மாட்டிக் கிழியும், சூடு மறுபடி ஏறும். நல்ல டயர், புது பிரேக் ஆயில், நல்ல பேட் போதும்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. சாதாரண கம்ப்ரஷன் மீட்டரை இதில் மாட்டினால் ஒரு ரோட்டரின் மூன்று பக்கத்தில் எது அதிகமோ அதை மட்டும்தான் காட்டும், செத்த பக்கம் மறைந்துவிடும். மூன்று பக்கத்தையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரிக் கருவியால், இன்ஜின் சூடாக இருக்கும்போது, 250 ஆர்பிஎம்முக்குச் சரிசெய்து பார்க்க வேண்டும். இரண்டு ரோட்டரிலும் ஆறு எண்களும் 100 பிஎஸ்ஐக்கு மேல், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் நல்ல இன்ஜின். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு சீல் பழுதாகியிருக்கலாம். கருவி கிடைக்காவிட்டால், அரை மணி நேரம் ஓட்டி அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூட்டில் திணறித் திணறி எழுந்தால் கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது. விற்பவர் சோதனைக்கே ஒப்புக்கொள்ளவில்லை என்றால், இன்ஜின் ஓவர்ஹாலுக்கு ஆகும் முழுத் தொகையையும் கழித்துவிட்டு விலை பேசுங்கள். அதற்கும் அவர் சம்மதித்தால், வாங்கியதும் ஓட்டாமல் நேராகப் பட்டறைக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள்.